திறக்காத வண்டி

அவரை நான் முதன்முதலில் பார்த்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆயில் என்ஜினை அவர் நிறுத்திக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில் மூட்டை தூக்கி, கோயமுத்தூரில் பஞ்சுத் தூசி தின்று, கடைசியில் பட்டாளத்துக் கூலிப்படையில் சேர்ந்து அஸ்ஸாம் சேற்றில் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு அவர்களும் போகச் சொல்லிவிட்டார்கள். அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதற்குத் தனியாகக் காரணம் இல்லை. டிக்கெட் அதுவரைக்கும்தான் இருந்தது. குன்னம் பக்கம் சில பண்ணைகளில் கிணற்றுக்கு என்ஜின் வைத்திருக்கிறார்கள், அதன் சக்கரத்தைச் சுற்றிவிட பலமான ஆள் வேண்டும் என்று ஒருவர் சொன்னார். நடந்து போனேன்.

ஒரு வெங்காயக் கொல்லை. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. ஒல்லியாக, நரைத்த மீசையோடு ஒருவர் என்ஜின் மேல் குனிந்திருந்தார். நீளமான திருப்புளியின் நுனியை இரும்பில் ஊன்றி, அதன் பிடியைப் பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது; என்ஜினின் உள்சத்தத்தை அவர் பல் வழியாகக் கேட்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து எண்ணெய்க் குழாயை அடைத்தார். என்ஜின் நின்றது. தண்ணீர் பாதிக் கொல்லையோடு நின்றுவிட்டது.

பண்ணைக்காரர் வரப்பிலிருந்து ஓடிவந்தார்.

"யோவ் மேஸ்திரி, எதுக்குய்யா நிறுத்துன? நல்லாத்தானே ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுதுங்க. ஏன் நல்லா ஓடுதுன்னு தெரியணுமில்ல?"

மூன்று நாள் என்ஜின் பிரிந்து கிடந்தது. கோணிச் சாக்கை விரித்து, ஒவ்வொரு துண்டாக மண்ணெண்ணெயில் கழுவி வரிசையாக வைத்தார். வெயிலில் வெங்காயத் தாள் சுருண்டது. பண்ணைக்காரர் வாயில் வந்ததையெல்லாம் பேசினார். மூன்றாம் நாள் மேஸ்திரி ஒரு போல்ட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலைக்குக் கீழே மயிரிழை போல ஒரு விரிசல். இன்னும் பத்து நாள் ஓடியிருந்தால் அது தெறித்திருக்கும், பக்கத்தில் நிற்கிறவன் தப்பியிருக்கமாட்டான். பக்கத்தில் நின்று சக்கரம் சுற்றப்போகிறவன் நான்தான். அன்றைக்கே அவரிடம் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அந்த போல்ட்டைப் பார்த்திருக்காவிட்டால் ஊரைப் போல நானும் அவரைப் பைத்தியம் என்றே சொல்லியிருப்பேன். பார்த்துவிட்டேன் என்பதுதான் தொந்தரவு. எப்போதாவது ஒரு தரம் அவர் சொல்வது சரியாக இருக்கும். அந்த ஒரு தரத்தை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் திறந்துவிடுவார்.

வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் இருந்தது. அதை வாங்கி வந்த அன்றே திறந்துவிட்டாராம். "ஒரு நாள்கூட அதை ஓடவுட்டுப் பார்க்கல தம்பி" என்று அவர் மனைவி சொன்னார். அந்த அம்மா அதிகம் பேசமாட்டார். பேசினால் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார். "அடுப்புல சோறு வேகுறப்போ மூடியத் தொறந்து பார்த்துருவாரு. எங்க வூட்டுல இதுவரைக்கும் சோறு ஒழுங்கா வெந்ததில்ல."

அது நிஜம். அவர்கள் வீட்டுச் சோற்றில் எப்போதும் நடுவில் அரிசி நறநறக்கும். பசியில் எனக்கு அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

பெரம்பலூருக்கு ஒரு தரம் கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலம். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு, கரிப்புகையில் ஓடுகிற பஸ். பாதி வழியில் அவர் எழுந்து டிரைவரிடம் போனார்.

"அண்ணே, அடியில ஒரு சத்தம் வருதே, என்னா அது?"

"அதுவா? நான் இந்த வண்டிக்கு வந்ததிலேருந்து வருதுய்யா. ஒக்காரு."

"என்னா சத்தம்னு கேட்டேன்."

"ஒனக்குத் தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்? நீதானே மேஸ்திரி!"

பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் இறங்கிவிட்டார். வேறு வழியில்லாமல் நானும் இறங்கினேன். ஏழு மைல், வெயில், இருவருக்குமாக ஒரு பொட்டலம் பொரிகடலை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த பஸ் பெரம்பலூரில் நிழலில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடித்தபடி எங்களுக்குக் கும்பிடு போட்டார். இவர் முகத்தில் வெட்கம் கொஞ்சமும் இல்லை. "நிக்கல, சரி. நின்னிருந்தா?" என்றார்.

அவருக்கு ஒரே மகள், அஞ்சலை. அரியலூரை ஒட்டிய ஓர் ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள், இரண்டு முறை. இரண்டு முறையும் மழைக்காலம். வலி கண்டு ஒரு நாள் முழுக்கக் கிடந்த பிறகு, கட்டை வண்டியில் ஏற்றி அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். கரிசல் சேற்றில் சக்கரம் அச்சுவரை இறங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதாக உண்டானபோது லேடி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வலி எடுத்த உடனே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் இந்த முறை தாயும் தங்கமாட்டாள்.

முதல் பிரசவத்தைத்தானே தாய் வீட்டில் பார்ப்பார்கள், மூன்றாவதை எதற்கு என்று நான் கேட்டேன். உயிரோடு ஒன்று தங்கும்வரை எல்லாமே தலைப்பிரசவம்தான் என்றார்கள் அந்தப் பக்கத்தில். மகளை அழைத்துவராவிட்டால் வக்கில்லாதவன் என்ற பேர் வரும். ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே முன்கூட்டிக் கொண்டுபோய் வைக்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். சாகப்போகிறவர்களைத்தான் அப்படிக் கொண்டுபோய் வைப்பார்கள் என்று அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

மருமகன் நல்ல பையன். நேராக வந்து பேசினான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. ஒங்க வாசல்ல ஓடுற மோட்டார் வண்டி ஒண்ணு நிக்கட்டும், அனுப்புறேன். இல்லன்னா அவ எங்க வூட்டுலயே இருக்கட்டும்."

"நிக்கும்" என்றார் இவர். ஒரு காணி புஞ்சையை விற்றார்.

அப்போது விலைக்கு இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று அரியலூரில் ஒரு வக்கீலுடையது. தினமும் ஓடுகிற வண்டி. நான் ஓட்டிப் பார்த்தேன். அஸ்ஸாமில் என் கையில் இருந்த எந்த லாரியும் அப்படிப் போனதில்லை. முன்னால் கைப்பிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றினால் கிளம்பியது. ஏற்றத்தில் முனகவில்லை. இவர் திருப்புளியைப் பல்லில் கடித்து வெகுநேரம் கேட்டார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் தப்பா கேக்கலைங்க" என்றார்.

"அப்புறம் என்னய்யா?" என்றார் வக்கீல்.

"கடைசியா எப்பங்க என்ஜினைத் தொறந்தீங்க?"

"தொறக்கவே இல்ல. வாங்கி ஒம்பது வருஷமாச்சு. ஒரு நாள் தொறந்ததில்ல. அதுதான்யா இந்த வண்டியோட அழகே!"

இவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். பாம்பைப் பார்த்தவர் போல. "ஒரு ரெண்டு நாள் குடுங்க. தொறந்து பார்த்துட்டு மூடிக் குடுத்துர்றேன். அப்புறம் வாங்கிக்கிறேன்."

"பொண்ணு பார்க்க வந்தவன் வயித்தைத் தொறந்து காட்டுன்னு கேப்பானாய்யா?" வக்கீல் உள்ளே போய்விட்டார்.

இன்னொன்று பெரம்பலூரில் ஒரு கடலைக் கிடங்கில் நின்றது. யுத்தத்தில் பெட்ரோல் போனதும் சக்கரங்களைக் கழற்றி நாலு கல்லின்மேல் தூக்கி வைத்துவிட்டார்கள். ஐந்து வருஷம். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. "ஓடாதுங்க" என்றார் வண்டிக்குச் சொந்தக்காரர், உண்மை பேசுகிறவர். "எலி ஒயரையெல்லாம் தின்னுருச்சு. இரும்பு விலைக்கு வேணா எடுத்துக்குங்க." மேஸ்திரி முகம் மலர்ந்துவிட்டது. அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மேஸ்திரி, ஓடுறத வுட்டுட்டு ஓடாதத வாங்குவாங்களா?" என்று நான் சத்தம் போட்டேன். "பிரசவத்துக்கு இன்னும் நாலு மாசம்கூட இல்ல."

"இதுல ஒவ்வொரு ஆணியும் என் கையால போகும் தம்பி. எனக்குத் தெரியாத ஒண்ணு இதுல இருக்காது. தொறக்காத வண்டியில என் பொண்ண எப்படி ஏத்துவேன்?"

சக்கரங்களை மாட்டி, இரண்டு ஜோடி மாடு பூட்டி அதை இழுத்து வந்தோம். மோட்டார் காரை மாடு இழுக்க, உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான். வழியெல்லாம் சனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். வக்கீல் வண்டியை அடுத்த வாரமே குன்னத்துக் கடலை மண்டிக்காரர் வாங்கிவிட்டார். அவர் எங்கள் வாசல் வழியாகப் போகும்போதெல்லாம் ஹாரன் அடிப்பார். "யோவ் மேஸ்திரி, ஒன் வண்டிக்கு வைக்கோல் போட்டியா?"

ஆனால் அவர் செய்துகாட்டினார். ஏழு வாரம். பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் டயர், திருச்சியில் பிஸ்டன், எங்கும் கிடைக்காததைப் பட்டறையில் காய்ச்சி அடித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்தார். ஒரு காலை நான் கைப்பிடியைச் சுற்றினேன். நாலாவது சுற்றில் உயிர் வந்தது. அரியலூர் போய்த் திரும்பினோம், நடுவில் ஒரு தடங்கலும் இல்லை. மருமகன் ஏறி உட்கார்ந்து, ஊரைச் சுற்றிப் பார்த்து, மாமனார் காலில் விழுந்து கும்பிட்டான். அஞ்சலை வந்தாள். எட்டாம் மாதம். வண்டி வாசலில் நின்றது. தினமும் காலையில் அதைக் கிளப்பி ஐந்து நிமிஷம் ஓடவிடுவேன். நான் இத்தனை ஊர் சுற்றியும், ஒரு வீடு அப்படி நிம்மதியாக இருந்ததை அதற்கு முன் பார்த்ததில்லை.

பதினெட்டு நாள். பத்தொன்பதாம் நாள் காலையில் அவர் திருப்புளியை எடுத்து வந்து பல்லில் கடித்தார்.

"மூணாவது பிஸ்டன்ல ஒரு தட்டு கேக்குது தம்பி."

நான் காது வைத்தேன். திருப்புளியை வாங்கிக் கடித்தும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"மேஸ்திரி, வேணாம். ஓடுது. வுட்டுருங்க."

"இன்னும் ஒரு மாசம் இருக்கு. இப்பப் பார்க்காம எப்பப் பார்க்கிறது? ரெண்டே நாள் வேலை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த விரிசல் விட்ட போல்ட் என் நினைவில் இருந்தது. அதனால்தான் நானும் ஸ்பேனரை எடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கை கூசுகிறது.

மறுநாள் காலை, சாக்கில் என்ஜின் துண்டு துண்டாகக் கிடந்தது. மூன்றாவது பிஸ்டனை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள்ளிருந்து அஞ்சலையின் குரல் வந்தது. அந்த அம்மா வாசலுக்கு வந்தார். சாக்கைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"வலி கண்டுருச்சு" என்றார்.

டாக்டர் சொன்ன கணக்குக்கு ஒரு மாதம் முன்னால். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு குன்னத்துக்கு மிதித்தேன். மண்டிக்காரர் திட்டப்போகிறார், சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும் முன்பே வண்டியிலிருந்த கடலை மூட்டைகளைத் தெருவில் தள்ளினார். "நான் ஏறினா எடம் அடைக்கும். நீ ஓட்டிக்கிட்டுப் போய்யா. ஓடு!"

நான் வண்டியோடு திரும்பியபோது மகளைத் தாயும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் தாங்கி நிறுத்தியிருந்தார்கள். பின் சீட்டில் படுக்கவைத்தோம். தாய் ஏறினார். "மேஸ்திரி, ஏறுங்க" என்று கத்தினேன்.

அவர் ஏறவில்லை. திருப்புளியோடு வந்தார். ஓடிக்கொண்டிருந்த வண்டியின் மூடியைத் தூக்கி, நுனியை உள்ளே ஊன்றி, பல்லால் கடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மகள் உள்ளே துடித்துக்கொண்டிருக்கிறாள். நான் மரம் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு மனிதன் செய்வான் என்று என் கண்ணே நம்பவில்லை.

அவர் நிமிர்ந்தார். "இது போய்ச் சேராது தம்பி. ஒம்பது வருஷமாத் தொறக்கல" என்றார். அவள் காதில் விழும்படி சொன்னார்.

அஞ்சலை தலையைத் தூக்கினாள். "அப்பா, தள்ளுங்கப்பா. வண்டிய வுடுங்க" என்றாள்.

அவர் தள்ளி நின்றார். "நீங்க போங்க. நான் இதை மூட்டிக்கிட்டுப் பின்னாடியே வந்துர்றேன். வழியில நின்னீங்கன்னா நான் வந்து ஏத்திக்கிறேன்." பின்னாடியே எப்படி வருவார்? அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது.

அந்தப் பன்னிரண்டு மைலை நான் மறக்கமுடியாது. மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சேற்றில் வண்டி பக்கவாட்டில் வழுக்கியது. வலி விட்ட நேரத்தில் அஞ்சலை கேட்டாள்: "அண்ணே, சத்தம் மாறுதா?"

"இல்லம்மா."

"இப்ப ஒரு மாதிரி கேக்குதே?"

"ஒண்ணுமில்ல, படுத்துக்க."

வலி வரும், பல்லைக் கடிப்பாள். வலி போகும், மறுபடி காதைத் தீட்டுவாள். அப்பன் அந்தப் பயத்தை அவள் மடியில் வைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். எனக்கும் அதே கதிதான். மருதையாற்றுத் தரைப்பாலத்தில் முழங்கால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. இங்கே நின்றுவிடும், இங்கே நின்றுவிடும் என்றே ஓட்டினேன். அந்த அம்மா மட்டும் மகள் தலையைப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க முன்னால் பார்த்தபடியே வந்தார்.

வண்டி எங்கும் நிற்கவில்லை.

பகல் சாப்பாட்டு நேரத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. சின்ன உடம்பு, ஆனால் நல்ல குரல். தாய்க்கு ரத்தம் போனது, பிறகு நின்றது. பிழைத்துக்கொண்டாள். மருமகனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அந்த அம்மாவுக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் திரும்பினேன்.

அவர் வாசலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்ஜினில் ஒரு துண்டுகூட ஏறவில்லை. காலையில் இருந்தது இருந்தபடியே சாக்கில் கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"எங்க நின்னுச்சு?" என்றார்.

எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. மகள் இருக்கிறாளா, செத்தாளா என்று கேட்கவில்லை. வண்டி எங்கே நின்றது என்று கேட்கிறார்.

"எங்கயும் நிக்கல."

"நம்ம ஓடையில?"

"நிக்கல."

"ஆத்துல? பாலத்துல தண்ணி ஓடியிருக்குமே?"

"ஓடுச்சு. நிக்கல."

வேண்டுமென்றே நான் வேறு எதுவும் சொல்லவில்லை. அவராகக் கேட்கட்டும் என்று இருந்தேன். அவ்வளவு கோபம். அவர் ஒவ்வொரு மேடாக, ஒவ்வொரு திருப்பமாகக் கேட்டுக்கொண்டே போனார். புளியமரத்து மேட்டில்? ரயில்வே கேட்டில்? கடைத்தெருவில்? ஆஸ்பத்திரிக் கேட்டு வந்ததும் வாய் நின்றுவிட்டது. அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். பிஸ்டன் கையில் இருந்தது. காலையில் எடுத்ததை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. காலையிலிருந்து இந்த மனிதர் மகளைச் சாகக் கொடுத்தவராகவே உட்கார்ந்திருக்கிறார் என்று புரிந்தது. அதற்கு அப்பால் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

"பொம்பளப் புள்ள" என்றேன். "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க மேஸ்திரி."

அவர் பிஸ்டனைச் சாக்கில் வைத்தார். வைக்கத் தெரியாதவர் போல இரண்டு தரம் வைத்தார். உள்ளே போய்க் கைகால் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு வந்து, மண்டிக்காரர் வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மூடியைத் தூக்கவில்லை. திருப்புளி எடுக்கவில்லை. "போ" என்றார்.

வழி முழுவதும் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். அஞ்சலை வெளுத்துக் கிடந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றிய குழந்தை. அவர் கட்டிலருகே போய் நின்றார். குழந்தையைத் தொடவில்லை. அவள் அவரையே பார்த்தாள்.

"எதுலப்பா வந்தீங்க?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"நடந்துதாம்மா வந்தேன்" என்றார்.

நான் வாசல்படியில் நின்றிருந்தேன். திடுக்கிட்டுப் போனேன். மூக்கையும் காதையும் பல்லையும் நம்பி, மனிதர் ஒருவரையும் நம்பாமல் இருந்தவர்தான். ஆனால் அவர் வாயில் ஒரு பொய் வந்து நான் கேட்டதே இல்லை.

அஞ்சலை மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தி அவர் காலைப் பார்த்தாள். பன்னிரண்டு மைல் கரிசல், மழை பெய்து இரண்டு நாள். கழுவின கால் கழுவினபடியே இருந்தது. ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பிறகு அவள் குழந்தையை அவர் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.